பள்ளப் பக்கத்துக் காலடி

வத்தேகம
12.05.2024

அன்பின் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நானும் நல்ல சுகம். உம்மாவின் முழங்கால் வலி மழை வந்தால் கூடுகிறது, வெயில் வந்தால் குறைகிறது. உங்கள் உடம்பு எப்படி? அந்தச் சூட்டில் ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கிறீர்களா?

வட்ஸ்அப்பில் கூப்பிடாமல் மெயில் எழுதுவதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். உம்மாவை வைத்துக்கொண்டு ஓட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. பேச்சு எங்கே தொடங்கினாலும் என் கலியாணத்தில் வந்து நிற்கும். ஆகவே இதை ஒரு கடிதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் கடிதமாகவே எழுதுங்கள்.

ஜூலை பதினான்காம் திகதி ஹந்தானையில் மலை மரதன் வைக்கிறார்கள். பேராதனையில் தொடங்கி, தோட்டங்களுக்கூடாக ஏறி, மலை முகட்டின் நீளத்துக்கு ஓடி, மறுபக்கம் இறங்கி, கண்டி வாவிக் கரையில் முடிகிறது. தூரம் வழக்கமான மரதன் தூரம்தான். சமதரை மட்டும் கிடையாது. பெண்களில் முதல் மூன்று பேர் நவம்பரில் நேபாளத்துக்கு ஓடப் போவார்கள். போன தெரிவுப் போட்டியில் நான் நான்காவது. அதற்கு முந்தினதிலும் நான்காவது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு 'நாலாம் டீச்சர்' என்று பேர் வைத்திருப்பதாகக் கேள்வி. எனக்கு முப்பத்திரண்டு வயதாகிறது, நானா. இன்னொரு தெரிவுக்கு என் கால்கள் காத்திருக்காது.

பதினாறு வயதில் நான் முக்காடும் நீட்டுக் கைச் சட்டையுமாக வீதியில் ஓடத் தொடங்கியபோது, கடைத்தெருவில் பேசாதவர் இல்லை. நீங்கள் பக்கத்தில் ஓட ஆரம்பித்தபின் பேச்சு நின்றது. எப்போதும் நான் மலைப் பக்கம், நீங்கள் பள்ளப் பக்கம். இப்போது விடியற்காலை ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு பாதை முழுவதும் எனக்கு மட்டும்தான்.

ஜூலையில் லீவு கிடைக்குமா? வாவிக் கரையில் வந்து நின்றால் போதும்.

துஆவில் என்னை மறக்காதீர்கள்.

உங்கள் தங்கச்சி
ஸுமைரா


தோஹா
19.05.2024

அன்புள்ள நாலாம் டீச்சருக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கே நான் சுகம். உம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு வருகிறவர் கையில் அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் அறை நண்பன் மக்கீனுக்கும் வாசித்துக் காட்டினேன். அக்குறணைக்காரன். மலையில் ஓடுவதற்கு ஆட்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டான். நான் அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு கடற்கரைப் பாதையில் ஓடும்போது இவன் வாடகைச் சைக்கிளில் பின்னால் வருவான். நான் வேகமாக ஓடினால் அவனுக்கு மூச்சு வாங்கும்.

எனக்கும் பழைய உடம்பு இல்லை. களஞ்சியத்தில் நாள் முழுக்க நின்றபடி வேலை. ஆனாலும் ஓடத் தொடங்கி வேர்த்துவிட்டால், வத்தேகமச் சந்தி வளைவில் உன்னோடு ஏறுவது போலவே இருக்கும். இங்கே பள்ளமும் இல்லை, மலையும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தருவார்கள் போலத்தான் தெரிகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். ஹந்தானை முகட்டில் தனியாகப் பயிற்சி எடுக்காதே. அங்கே பனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. யாரையாவது கூட்டிக்கொண்டு போ.

உம்மாவுக்கு என் ஸலாம். கலியாணப் பேச்சு வந்தால் நானா வந்து பேசுவான் என்று சொல்.

உன் நானா
இப்ஹாம்


வத்தேகம
20.06.2024

அன்பின் நானாவுக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடியாகப் போனது. குர்பான் இறைச்சி பகிர்ந்து முடியப் பின்னேரம் அஸர் ஆகிவிட்டது. பெருநாளன்று உங்களை வீடியோவில் பார்த்ததிலிருந்து உம்மா பத்து வயது குறைந்தவள் போல நடக்கிறா. லீவு கிடைத்துவிட்டது என்று நீங்கள் சொன்னதை இந்த வீதியில் எல்லோருக்கும் சொல்லி முடித்தாயிற்று.

நீங்கள் சொன்னபடி துணையும் கிடைத்துவிட்டது. நிஷாந்தி என்று ஒரு பிள்ளை. நகரசபையில் கிளார்க்காக இருக்கிறாள். பிறந்தது வளர்ந்தது ஹந்தானைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில். அவளும் மரதனுக்குப் பேர் கொடுத்திருக்கிறாள். ஏற்றத்தில் அவளைப் பிடிக்க என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் முகட்டுக்குப் போகிறோம். மானாப் புல் இடுப்பளவுக்கு நிற்கிறது. பாதை ஒரு ஆள் அகலம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் வெளி. மழை பெய்திருந்தால் சப்பாத்துக்குள் அட்டை.

போன ஞாயிறு முதல் தடவையாகப் பனிக்குள் ஓடினோம். அவள் முன்னால், நான் பின்னால். ஒரு இடத்தில் நான் நின்றுவிட்டேன். பக்கத்தில் இன்னொருவர் மூச்சு விடுவது போலிருந்தது. நிஷாந்தி திரும்பி வந்தாள்.

"மூச்சு ரெண்டா கேக்குதா அக்கா? இங்க அப்பிடித்தான். பாறை திருப்பிக் குடுக்குது. நீங்க பாட்டுக்கு ஓடுங்க" என்றாள்.

சரியான விளக்கம்தான். எனக்கும் அப்படியே பட்டது. பிறகு வடிவாக ஓடினேன்.

இன்னும் மூன்று கிழமை. பிளேனுக்கு எப்போது ஏறுகிறீர்கள் என்று எழுதுங்கள்.

ஸுமைரா


தோஹா
06.07.2024

அன்பின் ஸுமைரா,

ஸலாம். நான் நன்றாக இருக்கிறேன். பதில் எழுதச் சுணங்கிவிட்டது. வேலை மாறியிருக்கிறது, இப்போது உட்கார்ந்து செய்கிற வேலை. போனின் கெமரா பழுதாகிவிட்டதால் வீடியோவில் வர முடியவில்லை. உம்மா கவலைப்படாமல் பார்த்துக்கொள். குரலில் மட்டும் பேசுகிறேன் என்று சொல்.

லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மன்னித்துக்கொள்.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். சரிவில் வேகமாக இறங்கும்போது எந்தக் கால் முதலில் மண்ணைத் தொடுகிறது? இடதா, வலதா? அல்லது இரண்டும் ஒன்றுபோலத்தானா? எத்தனையோ வருடம் ஓடியிருக்கிறேன், கவனித்ததே இல்லை. இப்போது யோசித்துப் பார்த்தால் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. கவனித்து எழுது.

நன்றாக ஓடு. நான் நன்றாக இருக்கிறேன்.

இப்ஹாம்


வத்தேகம
17.07.2024

அன்பின் நானாவுக்கு,

ஸலாம். நான் மூன்றாவதாக வந்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். நிஷாந்தி முதலாவது. இருவரும் நேபாளம் போகிறோம். காலில் இரண்டு நகம் போய்விட்டது, மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்குகிறேன். மற்றபடி சுகம்.

இதை வாசித்ததும் நீங்கள் உம்மாவுக்குப் போன் எடுத்து வாழ்த்துச் சொல்வீர்கள். ஆனால் இனி எழுதப் போவதை உம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். நான் யாருக்கும் சொல்லவில்லை.

விடியும்போதே தூறல். பேராதனையிலிருந்து புறப்பட்டபோது பெண்கள் முப்பது பேரளவில் இருந்தோம். இராணுவ அணியிலிருந்து வந்த ஒரு பிள்ளையும் நிஷாந்தியும் ஆரம்பத்திலேயே போய்விட்டார்கள். நான் அவசரப்படவில்லை. தேயிலைக்கூடாகப் போகும் ஏற்றத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையோடு நின்று கை தட்டினார்கள். தொழிற்சாலையைத் தாண்டும்போது நான் ஐந்தாவது. பைன் மரங்கள் முடிந்து புல் தொடங்கும் இடத்தில் பனி வந்து மூடியது. எனக்கு முன்னால் ஓடியவளின் சிவப்புச் சட்டை மங்கி, பிறகு இல்லாமல் போனது.

முகட்டில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் பின்னால் காலடி கேட்டது. யாரோ முந்த வருகிறார்கள் என்று பாறைப் பக்கம் ஒதுங்கி வழி விட்டேன். யாரும் முந்தவில்லை. காலடி என் பக்கத்துக்கு வந்து, என் வேகத்துக்கு ஓடத் தொடங்கியது. பாறை திருப்பிக் கொடுக்கிறது என்ற நிஷாந்தியின் பேச்சை நினைத்தேன். ஆனால் நானா, பாறை எனக்கு இடப் பக்கம். காலடி கேட்டது வலப் பக்கம். வலப் பக்கம் தரை இல்லை. ஒரு சாண் புல், அதற்கு அப்பால் பனி. அந்தப் பனிக்குள்ளிருந்து கேட்டது. சேற்றில் சப்பாத்து பதிந்து எழும்பும் சத்தம், இரண்டு காலும் மாறி மாறி.

ஓடுகிறவருக்கு மூச்சு இருக்கும். இதற்குக் காலடி மட்டும்தான் இருந்தது.

காவலுக்கு ஆயத்துல் குர்ஸியை ஓதினேன். மூச்சு வாங்கியதால் ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. காலடி விலகவும் இல்லை, கிட்ட வரவும் இல்லை. நான் நின்றேன். அதுவும் நின்றது, ஒரு அடி பிந்தி.

முகட்டின் நடுவில் பொலித்தீனைப் போர்த்துக்கொண்டு தண்ணீர் கொடுக்கிற ஒரு கெம்பஸ் பெடியன் நின்றான். மனிதரைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. அவன் ஒரு கோப்பையை என்னிடம் தந்தான். மறு கையில் இருந்த கோப்பையை என்னைத் தாண்டி நீட்டியபடி நின்றான். மற்ற அக்காவுக்குத் தண்ணீர் வேண்டாமா என்று சிங்களத்தில் கேட்டான். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் காட்டிவிடுவான் என்று பயம். குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

முகடு முடிகிற இடத்தில் என் கால்கள் செத்துவிட்டன. நீங்கள் அனுபவித்திருப்பீர்கள், உடம்பில் எண்ணெய் தீர்ந்த மாதிரி. ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இனி எழும்புவதில்லை, யாராவது வந்து கூட்டிப் போகட்டும் என்றே நினைத்தேன். அப்போதுதான் அது நிற்காமல் அசைந்தது. கொஞ்சத் தூரம் முன்னால் போனது, திரும்பி வந்தது. மறுபடி போனது, வந்தது. நான் சப்பாத்துக் கயிறு கட்டும்போது நீங்கள் குளிர்ந்துவிடாமல் இருக்க அங்கும் இங்குமாக ஓடுவீர்களே, அதே மாதிரி.

"நானா?" என்றேன்.

சத்தமாகவே கேட்டேன். காலடி நின்றது. அவ்வளவுதான். ஆனால் நான் எழும்பிவிட்டேன்.

சரிவில் இறங்கத் தொடங்கியதும் அது மாறியது. இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். ஒரு கால் மட்டும் கேட்டது. ஒரு அடி, பிறகு வெற்றிடம். ஒரு அடி, பிறகு வெற்றிடம். ஒற்றைக் காலில் ஒருவர் அந்தச் சரிவில் விழாமல் என்னோடு இறங்கி வருவது போல. இரண்டு காலாகக் கேட்டபோது எனக்குத் துணையாகப் பட்டது. ஒன்றானதும் நான் பயந்துவிட்டேன். பயந்துதான் ஓடினேன், நானா. அப்படி ஒரு இறக்கம் நான் வாழ்நாளில் இறங்கியதில்லை. சிவப்புச் சட்டைக்காரியைத் தாண்டினேன். தசை பிடித்து வரம்பில் உட்கார்ந்திருந்த இராணுவப் பிள்ளையைத் தாண்டினேன். லயக் காம்பராக்கள் தெரிந்து, தார் றோட்டில் கால் வைத்ததும் அது நின்றுவிட்டது.

வாவிக் கரையில் முடித்துவிட்டு உங்களைத் தேடினேன். வரமாட்டீர்கள் என்று தெரிந்தும் தேடினேன். நிஷாந்தியிடம் முகட்டில் ஏதாவது கேட்டதா என்று விசாரித்தேன். "காத்து மட்டுந்தான் அக்கா" என்றாள்.

நீங்கள் கேட்டதைக் கவனிக்க முடியவில்லை. எந்தக் கால் முதலில் என்று எனக்கும் தெரியாது.

உடனே எழுதுங்கள். சிரிப்பதென்றாலும் சிரித்து எழுதுங்கள்.

ஸுமைரா


வத்தேகம
05.08.2024

அன்பின் நானாவுக்கு,

ஸலாம். உங்கள் சுகத்தை அறிய ஆவல் என்று வழக்கமாக எழுதுவது போல இன்று எழுதவில்லை. உண்மையாகவே அறிய வேண்டும். என் கடிதத்துக்குப் பதில் இல்லை. உம்மாவோடு கதைக்கும்போது உங்கள் பின்னால் ஏதோ வண்டி உருளுகிற சத்தமும் பெண்கள் அரபியில் பேசுகிற சத்தமும் கேட்கிறது. களஞ்சியத்தில் பெண்கள் வேலை செய்வதில்லை என்று முன்பு நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

நேற்று உம்மா என்னைக் கூப்பிட்டு வைத்து, "ஒன் நானாட குரல் படுத்துக்கொண்டு பேசுற குரல் புள்ள. நான் பெத்தவ, எனக்குத் தெரியும்" என்றா. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

இன்னொன்று. அந்தக் காலடி இப்போது முகட்டில் மட்டும் இல்லை. நம் வீதிக்கும் வந்துவிட்டது. ஸுபஹுக்குப் பிறகு நான் வாசலை விட்டு இறங்கினால், எதிரே மூங்கில் நிற்கிற பள்ளப் பக்கம் அதுவும் புறப்படுகிறது. சில நாள் இரண்டு கால், சில நாள் ஒன்று.

எழுதுங்கள்.

ஸுமைரா


தோஹா
08.08.2024

மதிப்புக்குரிய சகோதரி ஸுமைராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மக்கீன், உங்கள் நானாவின் அறை நண்பன். அவர் எழுதச் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார். இனியும் மறைத்தால் அல்லாஹ்விடம் நான் பதில் சொல்ல வேண்டிவரும்.

பெருநாள் கழிந்து ஒரு கிழமைக்குள் களஞ்சியத்தில் அடுக்கியிருந்த இரும்புச் சட்டங்கள் சரிந்து அவர் மேல் விழுந்தன. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. புண் ஆறிவருகிறது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். உம்மாவின் உடம்பையும் உங்கள் ஓட்டத்தையும் நினைத்துத்தான் சொல்லவில்லை.

நீங்கள் மரதன் ஓடியதை எழுதிய கடிதத்தைப் போனில் திறந்து என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். நீங்கள் மூன்றாவது என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த இறக்கத்தைப் பற்றி எழுதியிருந்த இடம் வந்ததும், "போதும், வை" என்றார். அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். தினமும் அந்தக் கடிதத்தைத் தானே எடுத்து வாசிக்கிறார். பதில் எழுதுவதில்லை.

நீங்கள் எழுதினால் அவர் பேசுவார் என்று நம்புகிறேன்.

மக்கீன்


வத்தேகம
09.08.2024

நானா,

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். இருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

இப்போது எனக்கு எல்லாம் விளங்குகிறது. அது நீங்கள்தான். பள்ளப் பக்கம் வேறு யார் ஓடுவார்? ஒற்றைக் காலோடு அந்தச் சரிவில் என்னை இறக்கிவிட்டுப் போனது நீங்கள்தான். கட்டிலில் கிடந்துகொண்டு என்னை நினைத்தீர்கள், அதுதான் வந்திருக்கிறது. எனக்கு இனிப் பயமில்லை. இன்று காலை அது வந்தபோது ஸலாம் சொன்னேன்.

உம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஸுமைரா


தோஹா
02.09.2024

அன்பின் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இப்போது கதிரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு ஊன்றுகோலில் வராந்தா முனைவரை போய் வருகிறேன். செயற்கைக் காலுக்கு அளவெடுத்துவிட்டார்கள். மறைத்ததற்கு நீ என்ன திட்டினாலும் தகும்.

உன் கடைசிக் கடிதத்தை வாசித்த பிறகு, ஆமாம் என்று எழுதிவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். அப்படி எழுதினால் உனக்கும் நிம்மதி, எனக்கும் ஒரு பெருமை. ஆனால் பொய்யாகிவிடும்.

அது நான் இல்லை, ஸுமைரா.

நீ ஓடிய அன்று வலி கூடிப்போய், நான் மருந்து மயக்கத்தில் கிடந்தேன். உன்னை நினைக்கவில்லை. அன்றைக்குப் போட்டி என்பதே நினைவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் திகதியைப் பார்த்தேன். அதோடு, என் கால் போனது ஜூனில். நான் என்றால் உனக்கு முதலிலிருந்தே ஒரு காலாகத்தானே கேட்டிருக்க வேண்டும்? முகடு முழுக்க இரண்டு காலாக ஓடியது யார்? நீ அதை நானா என்று கூப்பிட்ட பிறகுதான் அது ஒரு காலானது. அந்த இடத்தில்தான் மக்கீனை வாசிக்க வேண்டாம் என்றேன். உனக்குத் தெரியாத ஒன்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

அது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. உன்னைக் கல்லிலிருந்து எழுப்பியிருக்கிறது. அதற்காக என் பேரை அதற்குக் கொடுக்காதே. இனி ஸலாம் சொல்லாதே.

ஒக்டோபர் கடைசியில் வருகிறேன். உம்மாவிடம் நேற்று நானே சொன்னேன். அழுவா என்று நினைத்தேன். "வா மகன்" என்றா, அவ்வளவுதான்.

உன் நானா
இப்ஹாம்


காத்மாண்டு
18.11.2024

அன்பின் நானாவுக்கு,

ஸலாம். உம்மா எப்படி? நீங்கள் எப்படி?

நேற்று ஓடி முடித்தோம். நிஷாந்தி நான்காவது. அவளுக்கு என் பட்டப் பேரைக் கொடுத்துவிட்டேன். நான் ஒன்பதாவது. இந்த மலைகள் வேறு மாதிரி. காற்று மெல்லியது, கல் கூர்மையானது. கடைசி ஏற்றத்தில் வாந்தி எடுத்தேன். ஆனாலும் ஒன்பதாவது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வழி நெடுக எதுவுமே கேட்கவில்லை. என் மூச்சும் என் சப்பாத்தும் மட்டும்தான். முதல் பாதியில் காதைத் தீட்டிக்கொண்டே ஓடினேன். பிறகுதான் இது என்னுடைய ஓட்டம் என்று பட்டது. அந்த ஒன்பதாம் இடத்தை எனக்கு யாரும் வாங்கித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன். வருவதற்குப் பயமாக இருக்கிறது. புறப்படும்போது உங்களிடம் சொல்லவில்லை. போன மாதத்திலிருந்து அது மூங்கில் பக்கத்தை விட்டு பாதைக்கே ஏறிவிட்டது. நான் ஒதுங்க ஒதுங்கக் கிட்ட வருகிறது. கடைசி நாள் காலையில் எனக்கும் மலைக்கும் நடுவில் கேட்டது. பள்ளப் பக்கம் ஓடியது நான்.

இதை உங்களிடம் நேரே சொல்லியிருக்கலாம். ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஆனால் நீங்கள் வந்த நாளிலிருந்து அறையை விட்டு வெளியே வரவில்லை. பார்க்க வந்த சனத்தை உம்மா வாசலோடு திருப்பி அனுப்புகிறா. ஜும்ஆவுக்கும் போகவில்லை. அந்தச் செயற்கைக் காலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். நான் கதவைத் தட்டினால் தூங்குவது போலக் கிடக்கிறீர்கள். பக்கத்து அறையிலிருந்தவருக்குச் சொல்ல முடியாததை இவ்வளவு தூரம் வந்து எழுதுகிறேன்.

ஸுமைரா


வத்தேகம
20.11.2024

அன்பின் ஸுமைராவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உம்மா சுகம். நீ ஒன்பதாவது என்றதும் அது முதலாவதைவிட எவ்வளவு கூட என்று கேட்டா. நிறையக் கூட என்றேன். சந்தோஷப்பட்டா.

நீ எழுதியது நேற்று முன்தினம் கிடைத்தது. தூங்கவில்லை, தங்கச்சி. நீ தட்டிய ஒவ்வொரு தடவையும் விழித்துத்தான் கிடந்தேன்.

நேற்று ஸுபஹு தொழுத பிறகு ஜன்னலைத் திறந்து வைத்தேன். தூறல். மேல் வளைவிலிருந்து யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் நீதான் என்று நினைத்தேன். நீ ஊரில் இல்லை என்பது பிறகுதான் நினைவு வந்தது. காலடி வந்து நம் வாசல் படலைக்கு நேரே நின்றது. பாதையில் ஆள் இல்லை. நின்றது நின்றபடியே நின்றது. நீ இறங்கி வருவாய் என்று காத்திருக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

"அவ இல்ல. இங்க நிக்காத" என்றேன்.

உம்மா குசினியிலிருந்து யாரோடு பேசுகிறாய் என்று கேட்டா. ஒருவரோடும் இல்லை என்றேன். அது போகவில்லை. முன்னால் கொஞ்சம் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. நீ எழுதியிருந்தாயே, அப்படியே.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? நீ நடுங்கி நடுங்கி இத்தனை மாதம் ஓடியிருக்கிறாய், நான் ஜன்னலை மூடிக்கொண்டு படுத்திருந்திருக்கிறேன். அலுமாரியைத் திறந்து காலை எடுத்து மாட்டினேன். பட்டியை இறுக்கினேன். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசலை விட்டு இறங்கினேன். ஊருக்கு வந்து முதல் தடவை. உம்மா கதவடியில் நின்று பார்த்தா.

படலைக்கு வெளியே வந்ததும் அது சத்தம் இல்லாமல் நின்றது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. நான் கீழ்ப் பக்கமாக நடந்தேன். ஊன்றுகோல், நல்ல கால், செய்த கால். அதுவும் புறப்பட்டது. முதலில் ஓடப் பார்த்தது. முன்னால் போய்விட்டு, நான் வரும்வரை நின்றது. இரண்டு மூன்று தடவை அப்படி. பிறகு என் வேகத்துக்கு வந்துவிட்டது. பள்ளிவாசல் வளைவுவரை போனோம். தொழுதுவிட்டு வந்த ஸெய்னுலாப்தீன் மாமா என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். கண்ணீரோடு ஸலாம் சொன்னார். நான் பதில் சொன்னேன். அவருக்கு வேறெதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்றும் போனேன். இன்று அது படலையடியில் எனக்காகக் காத்து நின்றது.

நீ எங்கே போயிருக்கிறாய் என்று அதற்கு நான் சொல்லவில்லை. எப்போது வருகிறாய் என்றும் சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்திரமாக வந்து சேர். சனிக்கிழமை காலை நாங்கள் பள்ளிவாசல் வளைவைத் தாண்டிய பிறகு நீ மேல் பக்கமாகத் தனியே ஓடு. திரும்பிப் பார்க்காதே. அது இப்போது என் நடைக்குப் பழகிவிட்டது.

என்றும் உன் நானா
இப்ஹாம்